மாப்பிள்ளை பார்க்க வந்தவள்

பாதி வாழ்நாளைச் சட்டத்துக்கு வெளியே கழித்தும் நிம்மதியாகத் தூங்கிய ஒருத்தி, சட்டம் கதவைத் திறந்து தன்னை உள்ளே கூப்பிட்ட முதல் வருடத்திலேயே தூக்கத்தைத் தொலைத்தது ஏன்? கரடி ஓடைக்காரர்கள் யாரும் டான்ஸியிடம் இப்படிக் கேட்டதில்லை. அவளுக்குத் தூக்கம் போனதே அவர்களுக்குத் தெரியாது. அவள்தான் தன்னைக் கேட்டுக்கொண்டாள், லாரிக்கு டீசல் பிடிக்கும்போதும், தண்ணீர்க் குழாயில் அடைப்பு எடுக்கும்போதும். பதில் தெரிந்தவர்கள் கேட்டுக்கொள்ளும் விதத்தில் கேட்டுக்கொண்டாள்.

கலிஃபோர்னியாவின் வட மலைகளில், கரடி ஓடை என்ற சிற்றூரில்தான் அவள் பிறந்தாள். நகரத்தை வெறுத்து மேலே ஏறி வந்த பெற்றோர் குழந்தைக்கு ஒரு காட்டுப்பூவின் பெயரை வைத்தார்கள். கீழ்வீட்டில் பிறந்த பையனுக்கு ஒரு மரத்தின் பெயர், ஆல்டர். இரண்டு வீட்டுக்கும் பிழைப்பு கஞ்சாச் செடி. பள்ளிக்கூடத்தில் டீச்சர் "அப்பாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் "தச்சு வேலை" என்று சொல்லும். அத்தனை தச்சர்கள் இருந்தும் கரடி ஓடையில் ஒழுங்காகச் சாத்தக்கூடிய கதவு ஒன்றுகூடக் கிடையாது. ஆகஸ்டில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் பெரியவர்கள் குழந்தைகளை மர நிழலுக்குள் இழுத்துக்கொள்வார்கள். பயம் இருந்தது; குற்ற உணர்ச்சி இருந்ததில்லை. பயத்தையும் குற்ற உணர்ச்சியையும் ஒன்றாக நினைக்கிறவர்கள் இரண்டையும் நெருங்கிப் பார்க்காதவர்கள்.

தொலைபேசியில் யாரும் செடி என்று சொல்லமாட்டார்கள், தக்காளி என்பார்கள். போலீஸ் என்று சொல்லமாட்டார்கள், மழை என்பார்கள். ஆண்செடிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மாப்பிள்ளை.

அந்தத் தொழிலில் பெண்செடியின் பூவுக்குத்தான் விலை. ஜூலையில் செடி தான் ஆணா பெண்ணா என்று காட்டும். கணுவில் இரண்டு வெள்ளை முடிகள் எட்டிப் பார்த்தால் பெண். பச்சை மணிபோலச் சிறு உருண்டை தொங்கினால் ஆண். அன்றே பிடுங்கிவிட வேண்டும். விட்டால் மணிகள் வெடித்து மஞ்சள் தூள் காற்றோடு போகும், அது போகிற வழியில் உள்ள பூவெல்லாம் விதை பிடிக்கும். விதை பிடித்த பூவை எந்தக் கடையும் தொடாது. ஒரே ஒரு ஆண் போதும், ஒரு சரிவு முழுக்க நாசம்.

இதில் கரடி ஓடைக்கு என்று ஒரு பழக்கம் இருந்தது. தன் தோட்டத்தைத் தானே பார்த்து முடித்ததாக அங்கே யாரும் நினைத்ததில்லை. மார்ச்சிலிருந்து தண்ணீர் ஊற்றி வளர்த்தவனின் கண் எதிர்பார்ப்பதைத்தான் காணும் என்பது அவர்கள் அனுபவம். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உன் வரிசைகளில் நடப்பார், நீ போய் அவருடையதில் நடப்பாய். இதற்கு மாப்பிள்ளை பார்ப்பது என்று பெயர். பார்த்து முடித்ததும் பெர்ரி கேக்கும் பீருமாக விருந்து. ஒரு மாப்பிள்ளை அகப்பட்டால் அன்றைக்குப் பேச்சு இரண்டு மடங்கு நீளும். டான்ஸியின் வரிசைகளில் ஆல்டரும், ஆல்டருடையதில் டான்ஸியும் நடந்தார்கள். இருவரின் பெற்றோரும் போன பிறகும் அது நிற்கவில்லை.

பிறகு சட்டம் மாறியது. உரிமம் எடுத்து, வரி கட்டி, ஊரறியப் பயிர் செய்யலாம் என்றார்கள். ஓடையில் பாதிப் பேர் நம்பவில்லை. டான்ஸி முதல் ஆளாகப் போனாள். ஒளிந்து ஒளிந்து அவளுக்கு அலுத்துவிட்டது. தன் பெயரை ஒரு பெட்டியின் மேல் அச்சில் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது, அதில் தவறில்லை. ஆல்டர் தயங்கினான். அவனைச் சேர்த்துக்கொண்டு போனவளும் அவள்தான்.

"நீ மட்டும் ஏன்டா இன்னும் தச்சனாவே இருக்க? வா, நாமளும் மனுஷங்க மாதிரி ஒரு தொழில் பண்ணுவோம்."

"எனக்கு இந்த ஆபீஸ் பாஷையெல்லாம் வராது, டான்ஸி."

"எனக்கு மட்டும் வருதா? கத்துக்கலாம்."

அவன் மனைவி ஜோஸ்லின் கடலோர நகரமான யுரேகாவில் வளர்ந்தவள், கல்யாணமாகி மலையேறி வந்தவள். "டான்ஸி போனா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள். அந்தச் சொல்தான் ஆல்டரைக் கையெழுத்துப் போட வைத்தது.

உரிமம் வாங்கித் தருவதற்கு என்றே கீழே டவுனில் ஆலோசகர்கள் முளைத்திருந்தார்கள். டான்ஸிக்கு அமைந்தவன் கிரெய்க், இஸ்திரி போட்ட சட்டைக்காரன். வேலி போடச் சொன்னான், கேமரா வைக்கச் சொன்னான், ஒவ்வொரு செடிக்கும் எண் போட்ட பட்டி கட்டச் சொன்னான். விதை போட்டு வளர்ப்பதை விட்டுவிட்டு நர்சரியிலிருந்து பதியன் கன்றுகளை வாங்கச் சொன்னான்; தாய்ச்செடி பெண் என்றால் கன்றுகள் எல்லாமே பெண். அவள் பிளாஸ்டிக் கூடாரங்கள் அமைத்து அதையே செய்தாள். ஆல்டர் மட்டும் தன் அப்பா காலத்து விதையை விடமாட்டேன் என்று கீழ்ச் சரிவில், திறந்த வெளியில், விதை போட்டே வளர்த்தான்.

"வெளியாளு யாரையும் கேட்டுக்கு உள்ள விடாதீங்க மேடம்" என்று கிரெய்க் சொல்லிவிட்டுப் போனான். "தப்புன்னு இல்ல. ஆனா அதிகாரிங்க பரிசோதனைக்கு வர்ற நேரத்துல ஒரு ஆளு உள்ள சுத்திக்கிட்டு இருந்தா நூறு கேள்வி வரும். முதல் வருஷம். எதுக்கு வம்பு?"

ஜூலையில் ஒரு காலை ஆல்டர் வழக்கம்போல் வந்தான். தலையில் வைக்கோல் தொப்பி, வண்டியில் பீர். கேட் பூட்டியிருந்ததைப் பார்த்து ஹாரன் அடித்தான்.

"என்ன முதலாளியம்மா, பூட்டெல்லாம் போடக் கத்துக்கிட்டாச்சா?"

"உன்ன மாதிரி திருட்டுப்பய வருவான்னுதான்."

"மாப்பிள்ளை பாத்துரலாமா? வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிரலாம். ஜோஸ்லின் கேக் வேற குடுத்து விட்டிருக்கா."

டான்ஸி பூட்டைத் தொட்டாள், திறக்கவில்லை. "இந்த வருஷம் வேணாம்பா. பரிசோதனைக்கு எப்ப வேணா வருவாங்களாம். வெளியாளு உள்ள இருந்தா சிக்கல்னு கிரெய்க் சொல்றான்."

"வெளியாளா?"

"அவன் அப்படிச் சொல்றான். அதுவும் போக எனக்கு எல்லாம் நர்சரிக் கன்னு. அத்தனையும் பொண்ணு. மாப்பிள்ளைக்கு இங்க வேலையே இல்ல."

"மாப்பிள்ளைங்க என்ன, பத்திரிகை வெச்சாத்தான் வருவாங்களா?" ஆல்டர் சிரித்தான். அவன் முகம் கொஞ்சம் சிறுத்ததை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் இருந்தாள்.

"அடுத்த வாரம் நான் உன் பக்கம் வந்து பாத்துத் தர்றேன். சத்தியமா."

"வா, வா. உன் கேமராவையும் கூட்டிட்டு வா."

கேக் தட்டு கம்பி இடுக்கில் நுழையவில்லை. வேலிக்கு மேலே எக்கிக் கொடுத்தான். அவளும் எக்கி வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் போகவில்லை. பாதைக்குச் சரளை கொட்டும் லாரி வந்தது. அதற்கடுத்த வாரம் பரிசோதனை. அதற்குள் ஆல்டருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மேல் வரிசைகளை அவன் கோலூன்றி நடந்து பார்த்தான், கீழ் வரிசைகளை ஜோஸ்லின் பார்த்தாள். சில ஆண்செடிகளைப் பிடுங்கியும் போட்டாள். இதை ஜோஸ்லினே போனில் சொன்னாள். "மாப்பிள்ளைய நானே கண்டுபிடிச்சேன், டான்ஸி. இனிமே என்ன யாரும் டவுன்காரின்னு சொல்ல முடியாது."

ஆகஸ்ட் முடியும் நேரத்தில் டான்ஸி தன் நிலத்தின் கீழ் எல்லையிலுள்ள தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். வால்வு கசிவதாகத் தெரிந்தது. தொட்டிக்குப் பின்னால், எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில், முள்ளுப் புதருக்கு நடுவே அது நின்றிருந்தது. அவளைவிட உயரம். முந்தைய வருடங்களின் குப்பையோடு போன ஏதோ ஒரு விதை தானாக முளைத்திருக்க வேண்டும். பட்டி இல்லை, எண் இல்லை, எந்தக் கணக்கிலும் இல்லை. இலைகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. மணிகள் எல்லாம் வெடித்துக் காலியாக இருந்தன. கிளையைத் தொட்டதும் கையில் மஞ்சள் தூள் ஒட்டியது.

ஆல்டர் மாப்பிள்ளை பார்க்க வந்தால் முதலில் தொட்டிப் பக்கம்தான் போவான். 'கூப்பிடாத மாப்பிள்ளை தண்ணி இருக்கிற எடத்துல நிப்பாரு' என்பது அவன் வழக்கமாகச் சொல்லும் கேலி. டான்ஸிக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவள் செடியைப் பிடுங்கினாள். ஈர மண், லேசாகக் கையோடு வந்துவிட்டது. அந்த லேசுதான் பின்னால் அவளை அதிகம் தொந்தரவு செய்தது. வெட்டித் துண்டாக்கி எருக்குழியில் போட்டு மேலே சாணத்தைத் தள்ளினாள். பிறகு கேமராக்களை நிமிர்ந்து பார்த்தாள். எல்லாமே வெளியே பார்த்துக்கொண்டிருந்தன, திருடர்களுக்காக.

மாலையானால் அந்த மலையில் காற்று மேட்டிலிருந்து ஓடைப் பக்கம் இறங்கும். தொட்டிக்கு நேர் கீழே ஆல்டரின் வரிசைகள், பூ நிறைந்து. அவளுடைய கூடாரங்கள் எல்லாம் தொட்டிக்கு மேலே இருந்தன. கீழே ஜோஸ்லின் ஹோஸ் குழாயோடு நின்று இவளைப் பார்த்துக் கையசைத்தாள். டான்ஸி அப்போதுதான் கையைக் கழுவியிருந்தாள். ஈரக் கையை உயர்த்தி அசைத்தாள்.

அன்று மாலையே இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம். பூவைக் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் பூ வாங்க ஒப்புக்கொண்ட சான் ஃபிரான்சிஸ்கோ கடைக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தி, அந்தப் பூவிலிருந்து எண்ணெய் எடுப்பவர்களிடம் நல்ல விலை பேசி, ஆல்டர் அந்த வருடத்தை எப்படியோ ஒப்பேற்றியிருப்பான். டான்ஸி போகவில்லை. காற்று ஒருவேளை திசை மாறியிருக்கும் என்று நினைத்தாள். நான் நட்ட செடியில்லையே என்று நினைத்தாள். இரண்டும் நினைக்கத் தகுந்தவைதான். ஆனால் நேர்மையான எண்ணத்துக்கு அத்தனை தடவை நினைக்க வேண்டிய அவசியம் வராது.

அக்டோபரில் அறுவடை. பூ கத்தரிக்கும் வேலைக்கு ஒருவர் கொட்டகைக்கு மற்றவர் போவது ஓடை வழக்கம், அதற்கு மட்டும் எந்த ஆலோசகனும் தடை சொல்லவில்லை. ஆல்டரின் கொட்டகையில் நீள மேசை, சிறு கத்தரிக்கோல்கள், முன்னால் தகரத் தட்டுகள். டான்ஸி உட்கார்ந்து முதல் பூவை எடுத்தாள். இலையை நறுக்கியதும் தட்டில் 'டிக்' என்று ஒன்று விழுந்தது. மேசையின் மறுகோடியிலும் ஒரு 'டிக்'. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதன் பிறகு அந்தச் சத்தம் மட்டும்தான், ஓட்டில் தூறல் விழுவதைப்போல.

ஆல்டர் ஒரு பூவைக் கையில் பிளந்து பார்த்தான். இன்னொன்று. இன்னொன்று.

"கீழ் வரிசைய நீதான பாத்த?" என்றான் ஜோஸ்லினிடம். குரலை உயர்த்தவில்லை.

"பாத்தேன். ஒவ்வொண்ணா பாத்தேன்."

"அப்புறம் இது என்ன?"

"எனக்குத் தெரியல, ஆல்டர். நிக்கிற செடியில ஒண்ணுகூட ஆண் இல்ல. நீயே வேணா போய்ப் பாரு."

"இப்ப இல்ல. அதான் நானும் சொல்றேன். அப்ப இருந்திருக்கு. லேட்டா பாத்திருப்ப. பாத்ததும் சத்தம் போடாம புடுங்கி எறிஞ்சிருப்ப. எங்கிட்டச் சொல்லப் பயந்து."

"நான் அப்படிச் செய்வேனா?"

"பயந்தா யாரும் செய்வாங்க. நான் கோவப்படல. சொல்லு, அவ்வளவுதான்."

டான்ஸி கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. "மேட்டுக்கு அந்தப் பக்கம் நாருக்குன்னு இதே ஜாதிச் சணல் போட்டிருக்காங்கள்ல" என்றாள், "அங்கேர்ந்துகூட வந்திருக்கலாம்." தன் குரல் இயல்பாக இருந்தது அவளுக்கே ஆச்சரியம்.

"அந்தப் பக்கக் காத்து இங்க வராது. உனக்குத் தெரியாததா?" என்றான் ஆல்டர்.

அவளுக்குத் தெரியும். ஜோஸ்லின் மட்டும் அவளை நன்றியோடு பார்த்தாள், தனக்காக ஒருத்தி வாயைத் திறந்தாளே என்று.

சான் ஃபிரான்சிஸ்கோ கடை சரக்கைத் திருப்பியது. மொத்தமும் அடிமாட்டு விலைக்கு எண்ணெய்க்குப் போனது. டான்ஸியின் பூ அந்தக் கடையின் கண்ணாடி அலமாரிக்குப் போனது, அவள் பெயர் அச்சிட்ட பெட்டியில்.

ஆல்டர் மனைவியைத் திட்டியிருந்தால் அது ஒரு நாளில் முடிந்திருக்கும். அவன் திட்டவில்லை. அவள் பூட்டிய பூட்டை மறுபடி இழுத்துப் பார்த்தான். அவள் மூடிய வால்வை மறுபடி இறுக்கினான். அடுப்பை அணைத்தேன் என்று அவள் சொன்னால் தலையாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்ப் பார்த்தான். டிசம்பரில் ஜோஸ்லின் யுரேகாவிலுள்ள தங்கை வீட்டுக்குப் போனாள், பண்டிகைக்கு என்று. அங்கேயே ஒரு பூச்செடி நர்சரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று ஜனவரியில் தெரிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் தீயணைப்புக் கொட்டகையில் ஊர்க் காலை விருந்து நடந்தது. அடுப்பில் நின்று பான்கேக் திருப்பிக்கொண்டிருந்த வெர்ன், ஊரில் எல்லோரையும் ஓட்டுகிறவன், யாரோ கொண்டுவந்த கசகசா கேக்கில் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இது ஜோஸ்லின் செஞ்சதா? உள்ள பூரா வெதையா இருக்கே."

கொட்டகை சிரித்தது. "டவுன்காரி, மாப்பிள்ளைக்குத் தங்க இடம் குடுத்துட்டா பாவம்" என்றான் இன்னொருவன். ஆல்டர் வந்திருக்கவில்லை என்பதால் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

டான்ஸியும் சிரித்தாள். சிரிப்பு முதலில் வந்தது, அது என்ன சிரிப்பு என்பது பிறகுதான் புரிந்தது. தட்டை வைத்துவிட்டு வெளியே போய் லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்வது வேறு. பொய்யோடு சேர்ந்து சிரிப்பது வேறு. முதலாவதைப் பயத்தின் கணக்கில் எழுதலாம். இரண்டாவதை எதன் கணக்கில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிப்ரவரியில் டவுன் மண்டபத்தில், புதிதாக உரிமம் எடுத்துத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கும்படி அவளைக் கேட்டார்கள். முதல் வருடத்திலேயே ஜெயித்தவள் அல்லவா. வேலி எப்படிப் போடுவது, தண்ணீருக்கு யாரைப் பார்ப்பது, கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது என்று எல்லாம் சொன்னாள், தெளிவாகவே சொன்னாள். கடைசியில் முன்வரிசையிலிருந்த ஒரு இளம்பெண் எழுந்தாள்.

"உங்க முதல் வருஷத்துல நீங்க பண்ண பெரிய தப்பு எதுன்னு சொல்லுங்களேன். நாங்க அதைப் பண்ணாம இருப்போம்."

டான்ஸி தண்ணீர் குடித்தாள். "பாதைக்குச் சரளை போட்டிருக்கணும், மொதல்லயே" என்றாள். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

ஒருமுறை சொல்லிவிடத்தான் போனாள். கோழி சூப் ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு ஆல்டரின் வீட்டுக்கு இறங்கினாள். அவன் சமையலறையில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு கோப்பை கவிழ்ந்திருந்தன.

"நீ ஒருத்திதான் வர்ற" என்றான் அவன்.

"ஆல்டர், அந்த விதை விஷயம்..."

"விடு. அன்னைக்குக்கூட அவளுக்காக சணல், கினல்னு ஏதோ சொன்னியே. அத நான் மறக்கல." சூப்பைக் கலக்கினான். "அவ ரொம்ப நல்லவ, டான்ஸி. கண்ணுதான் இல்ல. அதுகூடப் பரவால்ல. ஒளிச்சாளே, அதத்தான் என்னால முழுங்க முடியல. எங்கிட்ட ஒளிக்கிற ஆளோட ஒரே வீட்ல எப்படி இருக்கறது? சொல்லு."

டான்ஸி சொல்ல வந்தது அவன் கேள்வியின் அடியில் போய் மாட்டிக்கொண்டது. ஒளித்தவளை அவன் மன்னிக்கமாட்டான் என்று அவன் வாயாலேயே கேட்டாயிற்று. பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு மேலேறினாள்.

அவளை வந்து பிடிக்கும் சட்டம் எதுவும் இல்லை. தொட்டி ஓரத்தில் தானாக முளைத்த ஒரு செடியைப் பிடுங்கியது குற்றமல்ல; உண்மையில் விதிப்படி அதைத்தான் செய்ய வேண்டும். ஏதாவது ஓர் அபராதம் இருந்திருந்தால் கட்டிவிட்டுத் தூங்கியிருப்பாள். அத்தனை அலுவலகங்கள் ஏறி இறங்கியவளுக்கு, இந்த ஒன்றை எங்கே போய்க் கொடுப்பது என்று தெரியவில்லை. ஹெலிகாப்டர் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரனிடம் மறைக்க எதுவும் இருந்ததில்லை. உலகத்திடம் மறைத்தார்கள், ஒருவருக்கொருவர் திறந்து கிடந்தார்கள். இப்போது உலகத்துக்கு எல்லாம் தெரியும்.

அடுத்த வசந்தத்தில் அவள் மறுபடி பதியன் கன்றுகளையே நட்டாள், கீழ்க்கோடிக் கூடாரத்தில் மட்டும் தவிர. அதில் விதை போட்டாள். வேலைக்கு வந்தவர்கள் கேட்டதற்கு, "சும்மாதான்" என்றாள். ஆல்டர் கீழே சின்னதாக ஒரு பாத்தி போட்டிருந்தான், இடுப்பு இன்னும் சரியாகவில்லை.

ஜூலை வந்ததும் டான்ஸி லாரியை எடுத்துக்கொண்டு யுரேகாவுக்குப் போனாள். நர்சரியில் ஜோஸ்லின் இடுப்பில் ஏப்ரன் கட்டிக்கொண்டு சாமந்தித் தொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை பாக்க ஆள் வேணும்" என்றாள் டான்ஸி.

ஜோஸ்லின் தொட்டியைக் கீழே வைத்தாள். "கிண்டல் பண்றதுக்கா இவ்வளவு தூரம் வந்த?"

"கிண்டல் இல்ல. வந்து என் வரிசையில நட."

"கண்ணு இல்லாதவள கூப்புடுறியே. ஊருல வேற ஆளே இல்லியா?"

"வருவியா, மாட்டியா?"

"உன் கேட் பூட்டு என்னாச்சு?"

"எடுத்துட்டேன்."

ஜோஸ்லின் வந்தாள், விடுப்பு நாளில், தொப்பி போட்டுக்கொண்டு. கேக் எதுவும் கொண்டுவரவில்லை. வரிசை வரிசையாக நடந்தாள். டான்ஸி பத்தடி பின்னால் நடந்தாள். பதியன் கூடாரங்களில் எதுவும் இல்லை. கீழ்க்கோடிக் கூடாரத்துக்குள் நுழைந்த உடனேயே ஜோஸ்லின் நின்றுவிட்டாள். நட்டநடு வரிசையில், எண் போட்ட பட்டியோடு, மற்றச் செடிகளைவிடத் தலை உயர்ந்து ஒன்று நின்றது. கணுவில் மணிகள், இன்னும் வெடிக்கவில்லை. மறைந்திருக்கும் செடி அல்ல அது. கண்ணிருக்கும் யாருக்கும் வாசலிலிருந்தே தெரியும்.

"டான்ஸி, இது ஆண்."

"அப்படியா?"

"அப்படியாவா? உனக்குத் தெரியலியா? இந்தா, பாரு." ஜோஸ்லின் கிளையைத் திருப்பிக் காட்டினாள். "புடுங்கிரட்டுமா?"

"வேணாம். இருக்கட்டும்."

"இருக்கட்டுமா? இன்னும் ஒரு வாரத்துல வெடிச்சிரும். உன் பயிரு பூரா போயிரும்."

டான்ஸி கூடாரத்தின் ஓடைப் பக்கத்துக்குப் போனாள். ஆல்டரின் பாத்தியைப் பார்த்த பிளாஸ்டிக் திரையை அவிழ்த்து அடிவரை இறக்கி, மண்ணைத் தள்ளி இறுக்கினாள். பிறகு மேல்பக்கத்துத் திரையை, தன் கூடாரங்களைப் பார்த்த திரையை, சுருட்டிக் கட்டிவிட்டு, அந்தப் பக்கம் பார்த்து மின்விசிறியைத் திருப்பி வைத்தாள். இதையெல்லாம் அவசரமில்லாமல் செய்தாள், தினமும் செய்கிற வேலைபோல.

ஜோஸ்லின் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு இருவரும் வெளியே வந்து படியில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டார்கள்.

அக்டோபரில் டான்ஸியின் தட்டுகளில் விதை விழுந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ கடை அவள் பெட்டிகளைத் திருப்பியது, அலமாரியில் அவள் பெயர் இருந்த இடத்தில் வேறொரு பெயர் வந்தது. தீயணைப்புக் கொட்டகை விருந்தில் வெர்ன் இரண்டு கசகசா கேக் செய்யச் சொல்லி வைத்திருந்தான்.

"வாங்க, வாங்க, டீச்சரம்மா. ஊருக்கே பாடம் நடத்துனீங்க. மாப்பிள்ளை உங்க வீட்டுக்கே வந்து உக்காந்துட்டாராமே?"

எல்லோரும் சிரித்தார்கள். டான்ஸி ஒரு துண்டு கேக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அந்த முறை ஆல்டர் வந்திருந்தான். அவன் சிரிக்கவில்லை.

"நீ எப்படி விட்ட?" என்றான் அவன். "உனக்கா தெரியல?"

"ஜோஸ்லின் காட்டினா" என்றாள் டான்ஸி, மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "ஜூலையிலேயே காட்டினா. வாசல்லேர்ந்தே கண்டுபிடிச்சிட்டா, ஒரே பார்வையில. அவ கண்ணு மாதிரி கண்ணு இந்த ஓடையில எவனுக்கும் இல்ல. நான்தான் கேக்கல."

வெர்ன் கரண்டியை வைத்துவிட்டான். ஆல்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

"ஏன் கேக்கல?"

தொட்டியைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல இடம் அவளுக்கு வாய்த்திருக்காது. அவள் சொல்லவில்லை. கையிலிருந்த துண்டை முடித்துவிட்டு, விரலில் ஒட்டிய கசகசாவைத் தட்டிக்கொண்டு, தட்டுகளைக் கழுவ எழுந்துபோனாள். அவள் செய்ததை நேர்மை என்று சொல்ல வழியில்லை. வேறு பெயரும் எளிதில் கிடைக்கவில்லை. ஆல்டரின் அந்தக் கேள்விக்கு அவள் அன்றும் பதில் சொல்லவில்லை, அதற்குப் பிறகு எத்தனையோ முறை கேட்கப்பட்டபோதும் சொல்லவில்லை.